லண்டி தீவின் பழைய லைட்ஹவுஸ்: எப்போது ஏறலாம், எப்போது விட்டுவிடலாம்

இங்கிலாந்தின் டெவன் கரையிலிருந்து சுமார் 19 கிலோமீட்டர் கடலுக்குள் இருக்கிற லண்டி தீவில் மூன்று லைட்ஹவுஸ்கள் உண்டு. வடகோடியிலும் தென்கோடியிலும் இருக்கிற இரண்டும் இன்றைக்கும் எரிகின்றன. அவற்றுக்குள் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. நடுவே, மேட்டு உச்சியில் நிற்கிற மூன்றாவதை 1897-லேயே அணைத்துவிட்டார்கள். அதற்கு டிக்கெட் கிடையாது, வழிகாட்டி கிடையாது, வரிசை கிடையாது. கதவைத் தள்ளிக்கொண்டு போய் 147 படி ஏறினால் விளக்கு இருந்த கண்ணாடிக் கூண்டு. உள்ளே துணி போட்ட சாய்வு நாற்காலிகள் கிடக்கும். உட்கார்ந்து அட்லாண்டிக்கைப் பார்க்க வேண்டியதுதான். அந்த மூன்றாவதைப் பற்றித்தான் இங்கே.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம். வானம் தெளிந்திருந்தால் ஐந்துக்கு ஐந்து. மூட்டம் இறங்கியிருந்தால் ஐந்துக்கு ஒன்று, அதுவும் படிக்கட்டின் கல்வேலைக்காக. நடுவில் மதிப்பெண் இல்லை. இது நம் கண்ணுக்கு மட்டும் நேர்கிற தொல்லை அல்ல. எழுபத்தைந்து வருடங்களுக்கும் மேலாகக் கப்பல்காரர்கள் இந்த விளக்கின் மேல் சொன்ன புகாரும் இதேதான்.

உயரம் செய்த வேலை

பிரிஸ்டல் வணிகர்கள் 1787-லேயே இங்கே ஒரு விளக்கு கட்ட அஸ்திவாரம் போட்டு, முடிக்காமல் விட்டுவிட்டார்கள். இங்கிலாந்தின் கலங்கரை விளக்கங்களைப் பார்த்துக்கொள்கிற டிரினிட்டி ஹவுஸ் 1819-ல் வேலையைக் கையில் எடுத்தது. வடிவமைத்தவர் டேனியல் ஆஷர் அலெக்ஸாண்டர்; டார்ட்மூர் சிறைச்சாலையும் இவர் வடிவமைத்ததுதான். தீவிலேயே வெட்டிய கருங்கல். கோபுரம் 29 மீட்டர், அதாவது 96 அடி. அது பெரிய உயரமில்லை. ஆனால் அது நிற்கிற பீக்கன் ஹில் மேடு கடல்மட்டத்திலிருந்து 124 மீட்டர். இரண்டையும் கூட்டினால் விளக்கு ஏறத்தாழ 150 மீட்டரில். அந்தக் காலத்தில் பிரிட்டனில் இதைவிட உயரத்தில் எரிந்த விளக்கு இல்லை.

காகிதத்தில் கணக்கு சரிதான். 50 மீட்டர் உயரத்தில் இருக்கிற விளக்குக்குத் தொடுவானம் சுமார் 25 கிலோமீட்டர். 150 மீட்டருக்கு ஏற்றினால் அது 44 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. பூமியின் வளைவை மட்டும் கணக்கில் எடுத்தவர்கள் வானிலையை விட்டுவிட்டார்கள். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று லண்டியின் மேற்குப் பாறைச் சுவரில் முட்டி மேலே ஏறும். ஏறினால் குளிரும், குளிர்ந்தால் மேகமாகும். அதனால் கீழே கடலில் பார்வை நன்றாக இருக்கும்போதே தீவின் தலை வெள்ளையாக மூடிக்கிடக்கும். விளக்கு அந்த மேகத்துக்குள் எரிந்துகொண்டிருக்கும். மாலுமிக்கு எந்த இரவில் தேவையோ அந்த இரவில் தெரியாது.

இது போதாதென்று இன்னொரு கோளாறும் இருந்தது. கோபுரத்தில் இரண்டு விளக்குகள்: மேலே சுழல்விளக்கு, அதற்குக் கீழே நிலையாக எரிகிற விளக்கு. இரண்டும் தெரிந்தால் அது லண்டி என்று அடையாளம். ஆனால் மேல்விளக்கு அன்றைய வழக்கத்தைவிட வேகமாகச் சுழன்றதால் தூரத்திலிருந்து பார்க்கும்போது சிமிட்டுவதாகத் தெரியாது, நின்று எரிவதாகத் தெரியும். ஐந்து மைலுக்கு அப்பால் போனால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். ஆக மொத்தத்தில் ஒரே ஒரு நிலைவிளக்கு.

1828-ல் மார்ட்டினிக்கிலிருந்து ஷெர்பூர் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த 'லா ஷன் எம்மா' என்ற பிரெஞ்சுக் கப்பல் இந்த ஒற்றை வெளிச்சத்தை மூட்டத்தில் பார்த்தது. பிரான்சின் மேற்குக் கோடியில் இருக்கிற உஷாந்த் தீவின் விளக்கு என்று நினைத்துக்கொண்டது. உஷாந்த் இருப்பது இங்கிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தெற்கே. கப்பல் லண்டியில் மோதியது. 19 பேரில் 13 பேர் இறந்தார்கள். நெப்போலியனின் முதல் மனைவியான பேரரசி ஜோசஃபினின் உறவுப்பெண் ஒருவரும் அதில் உண்டு. பிற்பாடு கீழ்விளக்கைக் கோபுரத்தின் அடிக்கே இறக்கிப் பார்த்தார்கள். மூட்டம் அதையும் மறைத்தது. இடத்தையே மாற்றினால் தவிர எதுவும் உதவாது என்பதை ஒப்புக்கொள்ள 1897 வரை ஆனது. இப்போதைய வடக்கு, தெற்கு விளக்குகள் இரண்டும் கடல்மட்டத்திலிருந்து 50 மீட்டரை ஒட்டித்தான் இருக்கின்றன.

இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு ஏறினால் மேலே தெரிகிற காட்சிக்கு வேறு அர்த்தம் வரும். மாலுமிக்குக் கெடுதலாகப் போன அதே 150 மீட்டர்தான் நமக்கு நான்கு பக்கமும் தடையில்லாத தொடுவானத்தைத் தருகிறது. கிழக்கே டெவன் கரை, தென்கிழக்கே ஹார்ட்லண்ட் முனை, நல்ல நாளில் வடக்கே வேல்ஸ் நாட்டுக் கரைக் குன்றுகள். மேற்கே ஒன்றுமே இல்லை, வெறும் கடல்.

ஏறும்போது

சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றிப் போகிற கல்படிகள். அடியில் அகலம், மேலே போகப் போகக் கோபுரம் குறுகுவதால் படியும் குறுகும். ஒருவர் ஏறும்போது ஒருவர் இறங்க வந்தால், இறங்குகிறவர் ஜன்னல் பக்கம் ஒதுங்கி நிற்பதுதான் முறை. கைப்பேசி டார்ச் போதும், ஆனால் இருக்கட்டும்: ஜன்னல்களுக்கு இடையில் இருட்டு. கருங்கல் ஈரத்தை உறிஞ்சாது. மழைநாளில் முன்னால் போனவரின் காலணித் தண்ணீர் படியிலேயே நிற்கும். ரப்பர் அடியுள்ள ஷூ வேண்டும். தோல் அடி வழுக்கும்.

147 படி என்பது சாதாரண உடல்நிலையில் ஐந்து, ஆறு நிமிட வேலை. மூச்சு வாங்குவது படியால் அல்ல, அதற்கு முன் படகுத்துறையிலிருந்து ஏறிவந்த ஏற்றத்தால். முதுகுப்பையை அடியிலேயே வைத்துவிட்டு ஏறுங்கள். தீவில் திருட்டுக்குப் பயப்பட வேண்டியதில்லை. படகில் வந்த கூட்டம் அதே படகில்தான் திரும்பியாக வேண்டும்.

மேலே விளக்கும் இல்லை, லென்ஸும் இல்லை. அருங்காட்சியகம் மாதிரி எதையாவது எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். பித்தளையும் பளிங்குக் கண்ணாடியுமாக ஒரு பழைய ஃப்ரெனல் லென்ஸைப் பார்ப்பதுதான் நோக்கமென்றால் இது உங்களுக்கான இடம் அல்ல. இருப்பது கண்ணாடிக் கூண்டு, நாற்காலி, காற்றின் சத்தம். இவ்வளவுதான். வெளியே நிற்க முடியாத அளவு காற்றடிக்கிற நாளில்கூட உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும். அதுவே ஒரு குறையையும் கொண்டுவருகிறது: ஆறேழு பேர் சேர்ந்துவிட்டால் மூச்சுக்காற்றில் கண்ணாடி வேர்த்துப்போகும், வெளியே உப்புப் படிந்திருக்கும், படம் எடுத்தால் மங்கலாக வரும். துடைக்க ஒரு துணி எடுத்துப் போங்கள். கேமரா லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து எடுத்தால் பிரதிபலிப்பும் விழாது.

கோபுரத்தின் காலடியில் கல்சுவர் வைத்த பழைய இடுகாடு ஒன்று இருக்கிறது. பெரும்பாலானவர்கள் திரும்பிப் பார்க்காமல் கோபுரத்துக்குப் போய்விடுகிறார்கள். அங்கே 5, 6-ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவர்களின் எழுத்துப் பொறித்த கற்கள் நான்கு உண்டு. எழுத்து நன்றாகத் தேய்ந்திருக்கிறது. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போதுதான் வெட்டு தெரியும். உச்சிவெயிலில் வெறும் கல்.

பீரங்கி வைத்த இடம்

மூட்டத்தில் வெளிச்சம் உதவாது என்றான பிறகு டிரினிட்டி ஹவுஸ் சத்தத்தைப் பிடித்துக்கொண்டது. 1861-ல் மேற்குப் பாறையின் சரிவில், கோபுரத்துக்கு வெகுவாகக் கீழே, ஒரு பீரங்கி மேடை கட்டினார்கள். மூட்டம் இருக்கும்வரை பத்து நிமிடத்துக்கு ஒரு வெடி, இரவோ பகலோ. அதைச் சுடுகிறவர்கள் குடும்பத்தோடு அந்தச் சரிவிலேயே குடியிருந்தார்கள். வீடுகள் இப்போது கூரையில்லாமல் நிற்கின்றன. இரண்டு பீரங்கிகளும் அங்கேயே இருக்கின்றன.

என்னைக் கேட்டால் லைட்ஹவுஸுக்குப் போய்விட்டு இதைப் பார்க்காமல் வருவது பாதி வேலை. கோபுரத்திலிருந்து கொஞ்சம் வடக்கே நடந்து மேற்கே இறங்க வேண்டும். இறக்கம் செங்குத்து, படிகள் ஒழுங்கற்றவை, புல்லும் ஈரமும் சேர்ந்தால் வழுக்கும். இறங்க 15 நிமிடம், ஏற 20 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகளோடு வருகிறவர்கள், மேற்குக் காற்று பலமாக அடிக்கும் நாளில், விட்டுவிடுவதே நல்லது. மூட்டமாக இருக்கிற நாளில் கோபுரத்தைவிட இந்த இடம்தான் பார்க்கத் தக்கது: மேகத்துக்கு அடியில் வந்துவிடுவீர்கள், கடல் தெரியும். விளக்கை எங்கே வைத்திருக்க வேண்டும் என்பதும் அப்போது தானே விளங்கும்.

உயரத்தைக் குறைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். புது விளக்குகள் வந்து ஒன்பது வருடத்தில், 1906 மே மாதம், எச்.எம்.எஸ். மாண்டகு என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் கடும் மூட்டத்தில் தீவின் தென்மேற்கு மூலையில் உள்ள ஷட்டர் பாறையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. உதவி தேடிக் கரையேறிய கடற்படைக்காரர்கள் நடந்து வடக்கு லைட்ஹவுஸை அடைந்து, தாங்கள் இருப்பது ஹார்ட்லண்ட் முனை என்று காவலரிடமே அடித்துச் சொன்னார்களாம். எந்த விளக்குக்குத் தான் காவல் இருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியாதா என்ன.

போய்ச் சேர்வது

மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் வரை எம்.எஸ். ஓல்டன்பர்க் என்ற கப்பல் ஓடுகிறது. 1958-ல் ஜெர்மனியில் கட்டியது. 1980-களிலிருந்து லண்டிக்காரர்களின் கப்பல். பெரும்பாலும் வாரத்தில் மூன்று நாள். கடல்வழி இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கிளம்புகிற ஊர் சில நாள் பிடஃபோர்ட், சில நாள் இல்ஃப்ரகூம். பிடஃபோர்ட் ஆற்றுத் துறைமுகம், வற்றுநீரில் கப்பல் நகராது. எனவே கடல்நீர் ஏறி இறங்கும் நேரம் பார்த்துத்தான் அட்டவணை போடுகிறார்கள். நேரமும் நாளுக்கு நாள் மாறும். இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள்: சென்ற முறை கிளம்பிய ஊருக்கே போய் நிற்கிறார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே சாலையில் ஒரு மணி நேரம் ஆகும். டிக்கெட்டில் துறைமுகத்தின் பெயரை இரண்டு முறை பாருங்கள்.

லண்டனிலிருந்து வருகிறவர்கள் எக்ஸிட்டர் வரை ஒரு ரயில், அங்கிருந்து பார்ன்ஸ்டபிளுக்குக் கிளை ரயில், அதன் பிறகு பேருந்து. காலைக் கப்பலுக்கு அன்றைக்கே வந்து சேர முடியாது. முதல்நாள் இரவே கரையூரில் தங்கிவிட வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

ஓல்டன்பர்க் ஆழமில்லாத கரையோரக் கடலுக்காகக் கட்டிய கப்பல். அட்லாண்டிக் அலை பக்கவாட்டில் வந்தால் நன்றாக ஆடும். வாந்தி மாத்திரை போடுகிறவர்கள் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். ஆட ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. மேல்தளத்தில் நடுப்பகுதியில் இடம் பிடியுங்கள், தொடுவானத்தைப் பாருங்கள், கீழே போய்ப் படிக்க உட்காராதீர்கள்.

இறங்குதுறை தீவின் தென்கிழக்கில். மேற்குக் காற்றுக்குத் தீவே மறைப்பாக நிற்பதால் கரையில் பயமாகத் தெரிகிற மேற்குக் காற்று நாளில்கூடக் கப்பல் போகும். கிழக்குக் காற்றுதான் எதிரி. வெயில் அடித்து வானம் நீலமாக இருக்கிற நாளில் பயணம் ரத்தாவது அதனால்தான். வானிலைச் செய்தியில் மழையைப் பார்க்காதீர்கள், காற்றின் திசையைப் பாருங்கள்.

நவம்பரிலிருந்து மார்ச் வரை கப்பல் இல்லை. ஹார்ட்லண்ட் முனையிலிருந்து திங்கள், வெள்ளிக் கிழமைகளில் ஹெலிகாப்டர். பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் மூட்டம் இருந்தால் அதுவும் பறக்காது. மறுநாள் வேலைக்குத் திரும்பியாக வேண்டியவர்கள் குளிர்காலத்தில் போவதை யோசித்துச் செய்ய வேண்டும்.

நாய்களுக்குத் தீவில் அனுமதி இல்லை, வழிகாட்டி நாய்கள் போன்றவை விலக்கு.

ஒருநாள் பயணிக்கு

ஒருநாள் டிக்கெட்டில் கரையில் கிடைப்பது சுமார் நான்கு மணி நேரம். எல்லாவற்றையும் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டால் எதையும் பார்க்க முடியாது. துறையிலிருந்து ஊர்ப்பகுதிக்கு ஏற 30 நிமிடம். கிட்டத்தட்ட 100 மீட்டருக்கு மேல் ஏற்றம். நடக்க முடியாதவர்களுக்குத் தீவின் வண்டி உண்டு, ஆனால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ஊரிலிருந்து லைட்ஹவுஸுக்கு மேற்கே 15 நிமிடம், சமதரை. கோபுரத்தில் அரை மணி. பீரங்கி மேடைக்குப் போய்வர, அங்கே நிற்கிற நேரத்தையும் சேர்த்து, முக்கால் மணி. அதன் பிறகு மேற்குக் கரையோரமாகவே வடக்கே அரை மணி நடந்தால் ஜென்னீஸ் கோவ் என்கிற சிறு குடா.

அங்கே பஃபின் பறவைகள். ஏப்ரலிலிருந்து ஜூலை வரைதான். ஆகஸ்டில் போய்த் தேடினால் ஒன்றும் இருக்காது. தீவில் எலிகள் முட்டைகளைத் தின்று பஃபின்கள் கிட்டத்தட்ட இல்லாமலே போயிருந்தன. 2000-களின் தொடக்கத்தில் எலிகளை ஒழித்த பிறகு இப்போது எண்ணிக்கை 1,300-ஐத் தாண்டியிருக்கிறது. ஆனாலும் அவை சரிவில் வெகு கீழே இருக்கும், புறா அளவுதான். பைனாகுலர் இல்லாமல் போவது வீண்.

வடக்கு லைட்ஹவுஸையும் பார்க்க வேண்டுமென்றால் அது ஒருநாள் பயணத்தில் அடங்காது. தீவு ஐந்து கிலோமீட்டர் நீளம். போய்வரவே நேரம் முடிந்துவிடும், உள்ளேயும் விடமாட்டார்கள்.

ஒழுங்கு முக்கியம். கப்பலிலிருந்து இறங்கும்போது தீவின் தலை தெளிவாக இருந்தால் எங்கும் நிற்காமல் நேராகக் கோபுரத்துக்குப் போங்கள், சாப்பாடு பிறகு. தலை மூடியிருந்தால் முதலில் சாப்பிட்டுவிட்டுக் காத்திருங்கள். மதியத்துக்கு மேல் விலகுவது உண்டு. கூட்டத்தோடு கூட்டமாக முதலில் மதுவிடுதிக்குப் போய் ஒரு மணி நேரத்தைத் தொலைப்பதுதான் வழக்கமாக நடக்கிறது.

தங்குவதென்றால்

தீவை 1969-ல் ஜாக் ஹேவர்ட் என்ற செல்வந்தர் கொடுத்த 1,50,000 பவுண்டில், பழமையான இடங்களைப் பாதுகாக்கிற நேஷனல் டிரஸ்ட் வாங்கியது. நடத்துவது லேண்ட்மார்க் டிரஸ்ட். பழைய கட்டடங்களைச் செப்பனிட்டு வாடகைக்கு விடுவதுதான் அவர்கள் தொழில். கோபுரத்தை ஒட்டிய காவலர் வீட்டையே கீழ்த்தளம், மேல்தளம் என்று இரண்டு வீடாக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் நான்கைந்து பேர் தங்கலாம். பகல்பயணிகள் கப்பலேறிப் போன பிறகு கோபுரம் உங்களுக்கே உரிய மாதிரி ஆகிவிடும். தங்குவதன் பெரிய லாபம் அதுதான். சூரியன் மறைகிற காட்சிக்கு நாற்காலிப் போட்டி இருக்காது. மூட்டம் வந்தாலும் விலகும்வரை காத்திருக்க நாள் இருக்கிறது.

குறைகளும் சொல்லியாக வேண்டும். டிவி இல்லை. மின்சாரம் தீவின் ஜெனரேட்டரில் வருகிறது. நள்ளிரவிலிருந்து காலை 6 மணி வரை நிறுத்திவிடுவார்கள். மின்சாரத்தில் ஓடும் மருத்துவக் கருவி வைத்திருப்பவர்கள் முன்பதிவுக்கு முன்பே பேசிவிட வேண்டும். தலையணைப் பக்கத்தில் டார்ச் இல்லாமல் படுக்காதீர்கள். ஊர்ப்பகுதியில் தங்குகிறவர்களுக்கு இல்லாத ஒரு சிரமம் இங்கே உண்டு: சாப்பிடப் போய் இரவில் திரும்பும்போது 15 நிமிடம் இருட்டில், திறந்த மேட்டில், எதிர்க்காற்றில் நடக்க வேண்டும். மூட்டமும் சேர்ந்துகொண்டால் பாதை தவறுவது சுலபம். கோபுரம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்த பிறகுதான் தெரியும். வயதானவர்களோடு வந்தால் ஊருக்குள்ளேயே வீடு எடுத்துக்கொண்டு பகலில் கோபுரத்துக்கு வந்துபோகலாம். கோடையில் முகாம் மைதானமும் உண்டு, கூடாரம் காற்றைத் தாங்குவதாக இருந்தால்.

சாப்பாட்டுக்கு ஒரே இடம் மரிஸ்கோ டேவர்ன். சுவரெல்லாம் உடைந்த கப்பல்களின் மிதவை வளையங்கள். கைப்பேசியை எடுத்தால் அபராதம். நம் ருசிக்குக் காரம் தேடுகிறவர்கள் ஊறுகாய்ப் பாட்டிலும் பொடியும் கையோடு கொண்டுவந்துவிடுவது நல்லது. வீட்டில் அடுப்பு இருக்கிறது, தீவுக் கடையில் அடிப்படைச் சாமான்கள் கிடைக்கும், முன்கூட்டியே சொல்லிவைத்தால் வீட்டில் கொண்டுவந்து வைத்திருப்பார்கள். அரிசி, பருப்பு நீங்கள் கொண்டுவாருங்கள். துறையிலிருந்து பெட்டிகளை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுசேர்ப்பது அவர்கள் பொறுப்பு. ஆனால் பெட்டி உங்களைவிடத் தாமதமாகத்தான் வரும். மாத்திரை, மழைச்சட்டை, கேமரா மூன்றையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

லைட்ஹவுஸ் வீட்டுக்கு முன்பதிவு மாதக்கணக்கில் முன்பே முடிந்துவிடும், அதிலும் மே, ஜூன் மாதங்கள். தேதியில் பிடிவாதம் இல்லாதவர்களுக்கு ஏப்ரல் கடைசியும் அக்டோபர் முதல் பாதியும் கைகொடுக்கும். அக்டோபரில் பஃபின் இருக்காது, பொழுது சீக்கிரம் சாயும், கிழக்குக் காற்று கிளம்பினால் ஓரிரு நாள் கூடுதலாகத் தங்க நேரலாம். அப்படி மாட்டிக்கொண்டால் கரையில் எடுத்துவைத்திருக்கும் ஹோட்டல், ரயில் டிக்கெட்டெல்லாம் போய்விடும். ரத்து செய்து பணம் திரும்பக் கிடைக்கிற டிக்கெட்டாகப் பார்த்து எடுங்கள்.